பார்ப்பதற்கு ஒரு விலை

திருவள்ளுவர் சூதுக்கென்று தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 94-ஆவது அதிகாரம். அதற்கு முந்தியது கள்ளுண்ணாமை, பிந்தியது மருந்து. இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் என்ன நியாயம் சொன்னாலும் சரி, எனக்கென்னவோ அவர் ஒரு சூதாட்டக் களத்துக்குப் பக்கத்து வீட்டில் சில காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. முதலில் கள், பிறகு சூது, மறுநாள் காலையில் மருந்து. அண்டை வீட்டுக்காரருக்குத்தான் இந்தக் கிரமம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

அப்படிப்பட்டவர் பத்தே குறளில் முடித்துவிட்ட விஷயத்தில் நான் பேனாவை நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நான் சூதை ஆதரித்து எழுத வரவில்லை. எதிர்த்தும் எழுத வரவில்லை. எதிர்த்து எழுத நம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆதரித்து எழுத, சமீப காலம் வரையில், விளம்பரக் கம்பெனிகள் இருந்தன. போக்கர் என்ற சீட்டாட்டத்தில் ஒரே ஒரு கட்டம், கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை ரொம்ப நாளாக வாட்டிக் கொண்டிருக்கிறது. எல்லாச் சீட்டும் விழுந்தாயிற்று. இனி விழுவதற்கு ஒன்றும் இல்லை. நான் ஒரு தொகையை வைக்கிறேன். எதிரே இருப்பவர் சற்று யோசிக்கிறார். பிறகு நான் வைத்ததைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கை எடுத்து நடுவில் தள்ளுகிறார். இப்போது நான் என்ன செய்வது? மேற்கொண்டு பணம் போட்டு, "சீட்டைத் திருப்புங்கள், பார்க்கலாம்" என்று சொல்வதா? அல்லது என் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எடுத்துக் கொள்ளுங்கள்" என்று எழுந்து போவதா?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இப்போது உலகமெங்கும் ஆடுகிற போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக மல்லாந்து விழும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக இன்னும் ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பந்தயச் சுற்று உண்டு. தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, அந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவர் ஜயித்தவர். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் பயந்து கவிழ்த்துவிட்டால், மிஞ்சினவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நடுப்பணம் அவருக்குத்தான். அவர் தம் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விதிதான் போக்கரை மற்றச் சீட்டாட்டங்களிலிருந்து பிரித்துத் தனியே உட்கார வைக்கிறது.

ஐந்தாவதாக விழுகிற அந்தக் கடைசிச் சீட்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்திருக்கிற பெயர் 'ரிவர்'. ஆறு. அரியலூர்க்காரனாகிய எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாக ரசிக்கவில்லை. வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற மருதையாறு, 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன் வெள்ளத்தில் பாலத்தை அரித்துத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸை வாங்கிக் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் மெகபூப் நகர் விபத்துக்காக அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை ஏற்றுக் கொண்டார். ஆகவே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "ஆற்றில் மாட்டிக் கொண்டேன்" என்று சீட்டாட்டப் பேச்சுப் பேசுவது நன்றாயிராது. 'கடைசிச் சீட்டு' என்றே நான் சொல்லிக் கொள்கிறேன்.

எனக்கு இந்த ஆட்டம் அறிமுகமானது எங்கள் தெருத் திண்ணை ஒன்றில். அங்கே வெகு காலமாக முன்னூற்று நாலும் ரம்மியும் நடந்து வந்தன. பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். சிமெண்டு ஆலை ஒன்றில் உத்தியோகம் பார்த்த ஓர் இளைஞர் வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர்தான் போக்கரைக் கொண்டு வந்தார். முதல் மூன்று வாரம் ஆட்டம் படு மோசமாக நடந்தது. காரணம் வேறொன்றும் இல்லை, ஒருவரும் சீட்டைக் கவிழ்க்க மாட்டேன் என்றார்கள். "புளியங்கொட்டைதானே! என்னதான் வைத்திருக்கிறார் என்று பார்த்துவிடுவோமே!" எட்டுப் பேரும் கடைசி வரை வருவார்கள், எட்டுப் பேரும் திருப்புவார்கள். பொய்க்கு அங்கே இடமே இல்லை. நான்காவது வாரம் அந்த இளைஞர் ஒரு யோசனை சொன்னார். ஒரு கொட்டைக்கு ஒரு ரூபாய். அவ்வளவுதான். ரூபாய் என்றதும் அதே மனிதர்களின் முகங்கள் மாறிவிட்டன. போன வாரம் சிரித்துக் கொண்டே ஐம்பது கொட்டையைத் தள்ளினவர், இந்த வாரம் ஐந்து கொட்டையை விரலுக்குள் உருட்டிக் கொண்டு கூரையைப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கணக்கு வாத்தியார். நாங்கள் எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவரை விட மூத்தவர் ஒருவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் ஒருநாள் சாக்கட்டியால் திண்ணையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

"நடுவிலே 200 இருக்கு. நீ 100 வெச்சே. அவன் 400 வெச்சுட்டான். இப்போ நடுவிலே எவ்வளவு?"

"700, சார்."

"நீ அவனுக்குச் சமமாகணும்னா இன்னும் எவ்வளவு போடணும்?"

"300."

"300 போட்டா 700 வரும், இல்லே 300 போகும். அப்படின்னா பத்துத் தடவையிலே எத்தனை தடவை நீ ஜயிச்சா உனக்கு நஷ்டமில்லை?"

நாங்கள் பையன்களைப் போல முழித்தோம். அவரே சொன்னார்: மூன்று தடவை. ஏழு தடவை 300 போனால் 2,100 நஷ்டம். மூன்று தடவை 700 வந்தால் 2,100 வரவு. சரிக்குச் சரி. ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி 'நான் ஜயிப்பேனா?' என்பது அல்ல. 'பத்தில் மூன்று தடவைக்கு மேல் ஜயிப்பேனா?' என்பதுதான். இந்த வித்தியாசம் தெரிந்தவன் பாதி ஆட்டக்காரன் என்றார் அவர்.

மீதிப் பாதியை அவர் பிற்பாடு, சாக்கட்டி இல்லாமல், சொன்னார். அது எனக்கு இன்னும் பிடித்தது. கடைசிச் சுற்றில் ஒருவன் ஏற்றிக் கேட்கிறான் என்றால் அவன் கையில் இரண்டே விதம்தான் இருக்க முடியும். ஒன்று, நிஜமாகவே பிரமாதமான சீட்டு. இன்னொன்று, ஒன்றுமே இல்லாத வெறுங்கை. நடுத்தரமான சீட்டை வைத்துக் கொண்டு எவனும் கடைசியில் ஏற்ற மாட்டான். அதற்கு ஏற்றாமலே பார்த்துக் கொள்ளலாம். அப்படியானால் என் கையில் இருப்பது ராஜா ஜோடியா, எட்டு ஜோடியா என்று நான் ரசித்துப் பார்ப்பதில் என்ன பிரயோஜனம்? அவனிடம் பிரமாதமான சீட்டு இருந்தால் இரண்டும் தோற்கும். வெறுங்கையாக இருந்தால் இரண்டும் ஜயிக்கும். "உன் கையைப் பார்க்காதே. அதிலே இனிமே பதில் கிடையாது. அவன் எப்பேர்ப்பட்டவன்னு பார்" என்றார்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நடுவில் மூன்று இஸ்பேட் விழுந்திருக்கிறது, இஸ்பேட் ஏஸ் என் கையில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது அவனிடம் ஆக உயர்ந்த இஸ்பேட் வரிசை இருக்க முடியாது. அதற்கு வேண்டிய சீட்டு என்னிடம் அல்லவா இருக்கிறது! அவனிடம் பிரமாதமான சீட்டு இருப்பதற்கான வழிகளில் சில அடைபட்டுப் போகின்றன. அந்த அளவுக்கு அவன் பொய் சொல்வதற்கான வாய்ப்பு ஏறுகிறது. நம் கைச்சீட்டு தன் பலத்தால் அல்ல, எதிராளியிடம் இல்லாமல் செய்ததால் பயன்படுகிற விசித்திரமான இடம் இது.

சார் இதையெல்லாம் எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய மனிதர்கள் இதைக் கணிதமாகவே எழுதியிருக்கிறார்கள். ஜான் வான் நியூமன் என்ற மேதை ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார நிபுணருடன் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் போக்கருக்கென்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. அவர்கள் எடுத்துக் கொண்ட சின்ன மாதிரி ஆட்டத்தில், சரியாக ஆடுகிறவன் மிக நல்ல கைக்கும் மிக மோசமான கைக்கும் பெரிய தொகை வைக்கிறான். இரண்டுங்கெட்டான் கைக்குச் சும்மா இருக்கிறான். பொய் சொல்வது ஒழுக்கக் குறைவு என்று நாம் நினைத்துக் கொண்டிருக்க, அவர்கள் அதைக் கணக்கில் ஒரு தேவை என்று நிரூபித்துவிட்டார்கள். பொய்யே சொல்லாதவன் ஏற்றினால் எல்லாரும் கவிழ்த்துவிடுவார்கள். அவனுடைய உண்மைக்கு விலையே கிடைக்காது.

ஆனால் சாதாரண மனிதர்கள் கணிதப்படி பொய் சொல்வதில்லை. அங்கேதான் சார் சொன்னது சரியாகிறது. எங்கள் திண்ணைப் பேர்வழிகள் முதல் சுற்றில் தாராளமாகப் பொய் சொல்வார்கள், இரண்டாவது சுற்றிலும் சொல்வார்கள். எல்லாச் சீட்டும் விழுந்த பிறகு, நான் ஒரு தொகை வைத்து என் தைரியத்தையும் காட்டிய பிறகு, அதன் மேல் நான்கு மடங்கு ஏற்றிப் பொய் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். கணக்குக்குப் பத்தில் மூன்று வேண்டும். மனிதன் கொடுப்பதோ ஒன்று. ஆகவே கவிழ்த்துவிட வேண்டியதுதான். தெரிந்த பிறகும் எங்களில் ஒருவரும் கவிழ்க்கவில்லை! சார் மட்டும் கவிழ்ப்பார். கவிழ்த்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். எதிராளி, "சார், என்ன வெச்சிருந்தேன்னு காட்டட்டுமா?" என்று வலிய வந்து கேட்டாலும், "வேண்டாம்ப்பா" என்று சுண்ணாம்பைத் தடவுவார்.

அந்த 'வேண்டாம்ப்பா'வை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

கவிழ்த்தவனுக்குப் பார்க்கும் உரிமை கிடையாது. இதுதான் தாங்க முடியாத விஷயம். பணம் போவதைக் கூட மனிதன் பொறுத்துக் கொள்வான். தெரியாமல் போவதைப் பொறுக்க மாட்டான். கடைசிச் சுற்றில் தோற்றுப் போகிற பணத்தில் பெரும் பகுதி பந்தயப் பணம் அல்ல, அது ஒருவகை டிக்கெட்டுக் கட்டணம் என்பது என் அபிப்பிராயம். கூத்து முடிகிற நேரத்தில் எழுந்து போக மனமில்லாமல் கொடுக்கிற கட்டணம். நான் இதை இளப்பமாகச் சொல்லவில்லை. நான் பிழைக்கிறதே இந்த ஆசையை வைத்துத்தான். தொடர்கதையில் ஒரு பெண் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள் என்று எழுதிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லாமல் விட்டால், நாற்பது வாசகிகள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஒரு தாசில்தார் மனைவி பதிலுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருந்தார்.

அமெரிக்காவில் 2003-ஆம் வருஷம் லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் கடைசி இருவராக மிஞ்சியவர்கள் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரும், சாம் பர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரும். கணக்காளரின் குடும்பப் பெயரே அதுதான். கதையில் நான் அப்படிப் பெயர் வைத்திருந்தால் ஆசிரியர் அடித்திருப்பார். ஒரு கட்டத்தில் கடைசிச் சீட்டு விழுந்தது. பர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கரிடம் ராஜாவைத் தவிர ஒன்றும் இல்லை. இஸ்பேட் வரிசை சேரும் என்று காத்திருந்தார், சேரவில்லை. தம்மிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். பர்ஹா, 'வரிசை சேரவில்லை போலிருக்கிறது' என்ற பாவனையில் வாய்விட்டே சொன்னார். சரியான ஊகம்! சொல்லிவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டார். டெலிவிஷனில் பிற்பாடு பார்த்த லட்சக்கணக்கான பேருக்கு இரண்டு பேர் சீட்டும் தெரிந்தது, மேஜையில் அதற்கென்று காமிரா வைத்திருந்தார்கள். தெரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் அப்போது தெரியவில்லை. மணிமேக்கர் பட்டத்தோடு 25 லட்சம் டாலர் வாங்கிக் கொண்டு போனார். நினைப்பது வேறு, நினைத்ததை நம்பிப் பணம் வைப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக் கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே முகத்தைப் பார்த்தால் இருவரும் மழையைப் பற்றி யோசித்துக் கொண்டிருப்பது போல இருக்கும். பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போட்டவரைக் கேட்டுப் பாருங்கள். வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருக்கிறார். வியாபாரி வந்து ஒரு விலை சொல்கிறார், இவர் ஒன்று சொல்கிறார், வியாபாரி லாரியில் ஏறிக் கொண்டு, "இதுதான் கடைசி. நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்கிறார். நாளை நிஜமாகவே வர மாட்டாரா? வெங்காயமோ உள்ளே முளை கட்டிக் கொண்டிருக்கிறது. வியாபாரி முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

சரித்திரத்திலும் எங்கள் மண்ணில் ஒரு கடைசிச் சுற்று நடந்திருக்கிறது. பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே போனால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பக்கத்தில் வாலிகண்டபுரம், வெள்ளைக்காரச் சரித்திரக்காரர்கள் வால்கொண்டா என்று எழுதுவது இந்த வட்டாரத்தைத்தான். 1751-இல் ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், இன்னொரு பக்கம் முகமது அலியும் இங்கிலீஷ்காரர்களும் இங்கே வந்து பாசறை போட்டார்கள். கோட்டை யார் பக்கம் என்று கில்லேதாரை இரண்டு பேரும் கேட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் இனிமையாகப் பேசி, நாளைக் கடத்தினார். கெட்டிக்காரர் என்றுதான் நான் சொல்வேன். இன்னும் சீட்டு விழ வேண்டியிருக்கிற வரையில் 'பார்க்கலாம்' என்பதைப் போல் சிறந்த ஆட்டம் கிடையாது. ஆனால் பொறுமை இழந்த இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைத் தாக்கினார்கள். அந்த நிமிஷத்தோடு 'பார்க்கலாம்' தீர்ந்து போயிற்று. கில்லேதார் பிரெஞ்சுக்காரர் பக்கம் ஆள் அனுப்பினார். இங்கிலீஷ் படை கலவரப்பட்டு ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அவரைப் பொறுத்தவரையில் சரியாகத்தான் முடிந்தது என்று தோன்றியிருக்கும். சில வாரங்களுக்குள் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞன் 500 பேரைக் கூட்டிக் கொண்டு ஆர்க்காட்டைப் போய்ப் பிடித்தான். கையில் அநேகமாக ஒன்றும் இல்லாமல் ஏற்றிக் கேட்பது என்றால் அதுதான். சந்தா சாகிபு தன் படையில் ஒரு பகுதியைத் திருச்சி முற்றுகையிலிருந்து பிரித்து அனுப்பும்படி ஆயிற்று.

போகட்டும். இந்தக் காலத்துச் சமாசாரத்துக்கு வருகிறேன்.

சீட்டாட்டம் சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா என்று நம் நியாயஸ்தலங்கள் அறுபது வருஷமாக விசாரித்து வருகின்றன. 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு ரம்மியைப் பெரும்பாலும் சாமர்த்தியம் என்று சொல்லிற்று. மூன்று சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிற்று. பிறகு ஆட்டம் திண்ணையை விட்டு டெலிபோனுக்குள் புகுந்தது. கடனும் தற்கொலையுமாகப் பத்திரிகையில் செய்தி வராத வாரம் இல்லை. நீதிபதி சந்துரு தலைமையில் 2022-இல் ஒரு குழு. அதே வருஷம் ஒரு சட்டம். கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அமலாயிற்று. அதே நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு சட்டத்தை வைத்துக் கொண்டு, ரம்மியும் போக்கரும் சாமர்த்திய ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சர்க்கார் ஒரு விதி போட்டது: இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது. இந்த விதியை எழுதியவர் மனித சுபாவம் அறிந்தவர். "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்று ஒருவன் தனக்குத் தானே சொல்லிக் கொள்வது அந்த ஐந்து மணி நேரத்தில்தான். அதே வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டு, டெலிபோனில் பணம் வைத்து ஆடுவதையெல்லாம், சாமர்த்தியமோ அதிர்ஷ்டமோ, ஒரேயடியாக நிறுத்திவிட்டது.

போக்கர் சாமர்த்திய ஆட்டம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2017-இல் லிப்ரேட்டஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு இருபது நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி, நான்கு பேரையும் தோற்கடித்தது. வெறும் அதிர்ஷ்டமானால் இயந்திரம் அப்படி ஜயிக்க முடியுமா? ஆனால் சாமர்த்திய ஆட்டத்தில் சாமர்த்தியம் இல்லாதவன் இன்னும் வேகமாகத் தோற்பான் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கோர்ட்டுத் தீர்ப்பில் முதல் பாதியைத்தான் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டன.

என் அக்கா மகன் ஒருவன் பெரம்பலூரில் வேலையாக இருக்கிறான். கெட்டிக்காரன். சார் எங்களுக்குச் சாக்கட்டியால் சொன்னதையெல்லாம் அவன் டெலிபோனிலேயே கற்றுக் கொண்டிருந்தான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது எனக்கே வகுப்பு எடுத்தான். "மாமா, கடைசிச் சுத்துல ஏத்தினா நூத்துக்குத் தொண்ணூறு பேர் நெசமாத்தான் வெச்சிருப்பான். கவுத்துடணும்." எல்லாம் சரியாகத்தான் சொன்னான். அதே வருஷம் ஐப்பசிக்குள் அவன் இரண்டு பேரிடம் கடன் பட்டிருந்தது அக்காவுக்குத் தெரிய வந்தது. அக்கா தன் வளையலைக் கொண்டு அதை அடைத்தாள். அவன் அம்மா காலில் விழுந்து, இனித் தொட மாட்டேன் என்றான்.

2024 மார்கழியில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்தான். உட்காரவில்லை. குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், வேறு மாடி வீடு பார்த்திருக்கிறேன், அட்வான்ஸ் 40,000 வேண்டும், நாளைக்கே கொடுக்க வேண்டும் என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். என் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தைத் தரகர் முகம் மாதிரி, அதில் ஒன்றும் இல்லை. 'அம்மாவிடம் சொல்ல வேண்டாம்' என்பது பொய்யனும் சொல்கிற வார்த்தை. வளையலுக்குப் பிறகு வெட்கப்படுகிற பிள்ளையும் சொல்கிற வார்த்தை. நாளைக்கே என்பதும் அப்படித்தான். வீட்டுக்காரர் யார், எந்தத் தெரு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பான். மெய்யானாலும் சொல்லியிருப்பான், பொய்யானாலும் சொல்லியிருப்பான். கதை சொல்கிற குடும்பம்.

சாருடைய சாக்கட்டிக் கணக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சீட்டாட்டத்தில் எதிராளி பொய் சொன்னால் பணம் போட்டவனுக்கு லாபம். இங்கே மெய் சொன்னால்தான் லாபம். தலைகீழ். ஆனால் கணக்கு ஒன்றேதான். போட வேண்டியது 40,000. நடுவில் கிடப்பது என்ன? அக்கா என்னை இடுப்பில் வைத்து வளர்த்த காலத்திலிருந்து சேர்ந்து கிடப்பது. இவன் பள்ளிக்கூடத்து முதல் நாளில் என் கையைப் பிடித்துக் கொண்டு போனது. நாளைக்கு இவன் எந்தச் சங்கடத்தில் இருந்தாலும் "மாமா" என்று வந்து நிற்கலாம் என்று நினைக்கிறானே, அந்த நினைப்பு. இவன் சொல்வது மெய்யாக இருந்து நான் கவிழ்த்துவிட்டால் அத்தனையும் போய்விடும். அவ்வளவு பெரிய குவியலுக்கு எதிரே 40,000 சின்னப் பந்தயம். பத்தில் மூன்று கூட வேண்டாம். ஒன்று மெய்யானால் போதும். பத்தில் ஒரு தடவைகூட மெய் பேச மாட்டான் என்று என் அக்கா வயிற்றுப் பிள்ளையைப் பற்றி நான் எப்படி நினைப்பது?

மறுநாள் காலையில் பாங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கொண்டு, "வரேன் மாமா" என்றான். ஸ்கூட்டர் தெரு முனையில் திரும்புகிற வரையில் வாசலில் நின்றேன்.

"பிளாட்டு நம்பராவது கேட்டு வெச்சுக்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"இல்லை."

"பணம் போட்டவங்களுக்குப் பார்க்க உரிமை உண்டுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

நான் வெற்றிலை போடுகிறவன் அல்ல. போடுகிறவனாக இருந்தால் அந்தச் சமயத்தில் சுண்ணாம்பைத் தேடியிருப்பேன்.

தை மாதம் அக்கா டெலிபோன் பண்ணினாள். பொங்கலுக்கு அவன் வந்து போனதைச் சொன்னாள். மெலிந்திருக்கிறானாம், ஆனால் நன்றாகச் சாப்பிட்டானாம். வீடு மாறிவிட்டதாகச் சொன்னானாம். மாடி, காற்று நன்றாக வருகிறதாம், மொட்டை மாடியில் துளசித் தொட்டி வைக்க இடம் இருக்கிறதாம்.

"நீ போய்ப் பார்த்தியாடா?" என்று கேட்டாள்.

"இன்னும் போகலே, அக்கா" என்றேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு மணி நேரத்துப் பிரயாணம். வாரத்துக்கு இரண்டு தடவை நான் அங்கே போகிறேன்.